தெசல் தீவுக்குச் சென்ற வண்டிகள்

ஒல்லாந்தர் என்றதும் நம்மவர் நினைவுக்கு வருவது கோட்டை. 1658 ஆம் ஆண்டு முதல் 1795 ஆம் ஆண்டு வரை யாழ்ப்பாணத்தை ஆண்ட அம்மக்கள் விட்டுச்சென்ற ஐங்கோணக் கோட்டையைப் பண்ணைக் கடலோரம் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். ஆயின் இன்று அவர்தம் நாட்டுக்குச் செல்லும் ஒருவரின் கண்ணில் முதலிற் படுவது கோட்டையுமன்று, கப்பலுமன்று. துவிச்சக்கர வண்டியே!

அந்நாட்டின் மக்கள்தொகை ஏறத்தாழ 1 கோடியே 80 இலட்சம். வண்டிகளின் தொகையோ 2 கோடியே 30 இலட்சம் அளவில் இருக்குமென்று கணக்கிட்டிருக்கின்றனர். ஆளுக்கொன்று வீதம் கொடுத்த பின்னும் அரைக்கோடி வண்டி மிஞ்சும். நிலமோ உள்ளங்கைபோற் சமதரை. வீதிகளின் அருகே வண்டிகளுக்கெனச் செந்நிறப் பாதைகள் தனியே ஓடுகின்றன. 2010 முதல் 2024 வரை பிரதமராக இருந்த மார்க் ருட்டே அவர்கள் தம் அலுவலகத்துக்குத் துவிச்சக்கர வண்டியில் செல்வதை அந்நாட்டார் ஒரு புதுமையாகக் கருதியதில்லை. யாழ்ப்பாணத்து ஆசிரியனொருவனுக்கு இவையெல்லாம் மனத்துக்கு இதமான காட்சிகள் என்பதைச் சொல்லவும் வேண்டுமோ?

எனினும் ஒரு காட்சி மாத்திரம் எமக்கு முதலில் விளங்கவில்லை. விடுமுறை நாட்களில் நெடுஞ்சாலையில் ஓடும் மோட்டார்க் கார்களிற் பலவற்றின் முதுகில் இரண்டு, மூன்று, சிலவேளை நான்கு துவிச்சக்கர வண்டிகள் கட்டப்பட்டிருந்தன. வண்டியை வண்டி சுமக்கிறது! குதிரையைத் தேரிலேற்றி இழுத்துச் செல்வதுபோல் இருந்தது அது. போகுமிடமெல்லாம் வாடகை வண்டிகள் கிடைக்கும் நாட்டில் ஏன் இந்தச் சுமை என்று வினவினோம். அதற்குரிய விடை எம் மூத்த தமக்கையாரின் வீட்டிலேயே கிடைத்தது.

தமக்கையார் 1989 ஆம் ஆண்டு கைக்குழந்தையுடன் நாட்டைவிட்டுச் சென்றவர். இன்று ஹார்லெம் நகரில் மகனோடு வாழ்கிறார். (நம் தீவுகளுக்கு ஒல்லாந்தர் தம் ஊர்களின் பெயரை இட்டபோது நயினாதீவுக்கு இட்ட பெயர் ஹார்லெம் என்பது. அப்பெயர்களுள் நெடுந்தீவுக்கு இட்ட டெல்வ்ற் என்பதே இன்றளவும் பெருவழக்காய் நிலைத்திருக்கிறது.) இரண்டாண்டுகளுக்கு முன் தமக்கையாருக்கு முழங்காலில் சத்திரசிகிச்சை நடந்தது. அதன்பின் ஒரு சாண் உயரத்துக்கு மேல் வலக்காலைத் தூக்குவது அவருக்குப் பெரும்பாடு. ஆதலால் மிகத் தாழ்வான படியுடைய மின்சாரத் துவிச்சக்கர வண்டி ஒன்றை வாங்கிக்கொடுத்தான் மகன். சீற்றின் உயரம், கைப்பிடியின் சாய்வு எல்லாவற்றையும் உடற்பயிற்சி வைத்தியர் அளந்து அமைத்திருந்தார். அவ்வண்டி கிடைத்த பின்னரே தமக்கையார் மீண்டும் வெளியுலகைக் கண்டார் என்று மருமகன் எமக்குச் சொன்னான்.

ஓகஸ்ட் மாதத்தில் ஒருநாள், வடகோடியிலுள்ள தெசல் தீவைப் பார்த்துவரலாம் என்று எல்லோரும் முடிவு செய்தோம். டெக்சல் என்று எழுதுகிறார்கள்; ஆயின் அவ்வூரார் வாயில் அது தெசல் என்றே ஒலிக்கிறது. மருமகன், அவன் மனைவி, ஒன்பது வயதுப் பேரன், தமக்கையார், நாம் என ஐவர். தீவைத் துவிச்சக்கர வண்டியிலேயே சுற்றவேண்டும் என்பது ஏற்பாடு.

இங்கேதான் சிக்கல் தொடங்கிற்று.

நாம் சிறுவயது முதல் அறிந்த துவிச்சக்கர வண்டிக்கு ஒரு வடிவம் உண்டு. 1885 ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் கொவென்றி நகரத்து ஜோன் கெம்ப் ஸ்டார்லி என்பார் செய்து வெளியிட்ட ரோவர் வண்டியிலிருந்து வளர்ந்த வடிவம் அது. இரு முக்கோணங்களை ஒட்டவைத்தாற்போன்ற சட்டம். மேலே நேராக ஓடும் ஒரு குழாய். அதனையே நாம் பார் என்கிறோம். தங்கையையும் தம்பியையும் ஏற்றிப் பள்ளிக்கூடம் சென்றதும், நெல்மூடையைச் சாய்த்துக் கட்டியதும் அந்தப் பாரின் மேலேதான். கார்களின் பின்னே வண்டிகளைக் கட்டுவதற்குச் செய்த தாங்கிகளும் அந்தப் பாரை நம்பிச் செய்யப்பட்டவையே. தாங்கியிலிருந்து இரும்புக் கையொன்று நீண்டு வரும். அதன் நுனியிலுள்ள கவ்வி பாரை இறுகப் பற்றிக்கொள்ளும். பார் இல்லாத வண்டியை அந்தக் கை எதைக்கொண்டு பிடிக்கும்?

எம் மருமகன் வீட்டில் நின்ற நான்கு வண்டிகளுள் ஒன்றாவது ஸ்டார்லியின் வழியில் வந்ததன்று. தமக்கையாருடையது தரையைத் தொடுமாப்போல் வளைந்த ஒற்றைத் தடித்த குழாய்; அதன் வயிற்றுக்குள்ளே பற்றரி. மருமகனின் மனைவியுடையது அந்நாட்டார் ஓமாஃபீற்ஸ் என்று அழைக்கும் கறுப்பு வண்டி. ஓமா என்றால் பாட்டி, ஃபீற்ஸ் என்றால் துவிச்சக்கர வண்டி. நீண்ட பாவாடை அணிந்த பெண்கள் காலைத் தூக்காமல் ஏறுவதற்கென அன்னத்தின் கழுத்துப்போல் வளைத்துச் செய்த சட்டம் அது. நூறாண்டு கடந்தும் அவ்வடிவம் மாறவில்லை. இன்று பாட்டிமாரிலும் பேத்திமாரே அதனை மிகுதியும் ஓட்டுகின்றனர். பேரனுடையது காட்டுவழி ஓட்டும் வண்டி; சட்டத்தின் நடுவே பாரவில் பொருத்தியிருந்தமையால் கவ்விக்கு இடமில்லை. மருமகனுடையதோ பந்தய வண்டி, காபன் நாரினால் ஆனது. அதற்குப் பார் உண்டு. ஆனால் அதை அழுத்திப் பிடிக்கலாகாது.

ஏன் பிடிக்கலாகாது என்பதைச் சிறிது விளக்கவேண்டும். காபன் நார்களைப் பசையிலே தோய்த்து அடுக்கடுக்காகப் படியவைத்துச் செய்யும் குழாய், ஓட்டுபவரின் பாரம் எந்தத் திசையில் வருமோ அந்தத் திசையில் உருக்கையும் விஞ்சும் வலிமை காட்டும். பக்கவாட்டில் நசுக்கினாலோ அதன் மெல்லிய சுவர் முட்டையோடுபோல் விரிசல் காணும். அவ்விரிசல் வெளியே தெரியாமலும் இருந்துவிடும். இன்று கவ்வி நசுக்கியது, பின்னொருநாள் வேகமாக இறக்கத்தில் ஓடும்போது முறியும். விலையைப் பற்றியதல்ல இது, உயிரைப் பற்றியது.

மருமகன் கணக்கில் வல்லவன். எல்லாவற்றையும் யோசித்துவிட்டுத் தாயிடம் சொன்னான்:

"அம்மா, உங்கடை சைக்கிள்தான் பாரம் கூட. தீவிலை வாடகைக்கு எடுக்கலாம் தானே?"

தமக்கையார் மறுமொழி சொல்லவில்லை. குசினிக்குள் சென்று தேநீர்க் கோப்பைகளைக் கழுவத் தொடங்கினார். சற்றுநேரம் கழித்து உள்ளிருந்தே சொன்னார்: "நீங்கள் போட்டு வாங்கோ ராசா. நான் வீட்டிலை நிக்கிறன்."

அச்சொல்லில் கோபம் இல்லை. அதுவே எமக்குக் கவலை தந்தது. வாடகை வண்டியில் அவர் கால் தூக்கமுடியாமற் போனால் கடற்கரைத் தேநீர்ச்சாலையொன்றில் கைப்பையுடன் எம்மைக் காத்திருக்க வேண்டியதுதான். சத்திரசிகிச்சைக்குப் பின்னான இரண்டாண்டுகளில் அவர் அவ்வாறு காத்திருந்த நாட்கள் போதும் என்று எமக்குத் தோன்றியது. மருமகனைத் தனியே அழைத்து, "தம்பி, கடைக்காரர் ஒருவரைக் கேட்டுப் பார்ப்போமா?" என்றோம்.

ஹார்லெம் நகரின் ஒடுங்கிய தெருவொன்றில் இருந்தது அக்கடை. கடைக்காரர் நரைத்த மீசையுடைய முதியவர். எத்தனை வண்டி, என்ன விலையில் தாங்கி வேண்டும் என்று அவர் கேட்கவில்லை. "எந்த வடிவம்?" என்றே முதலிற் கேட்டார். மருமகன் கைத்தொலைபேசியில் படங்களைக் காட்டினான். அவர் ஒவ்வொன்றையும் பெரிதாக்கிப் பார்த்து, நம்மூர் வைத்தியர் நாடி பார்ப்பதுபோல் தலையசைத்தார்.

அவர் சொன்னவற்றை மருமகன் மொழிபெயர்க்க நாம் கேட்டோம். தாங்கிகள் இருவகைப்படும். ஒன்று தொங்கவிடுவது, வண்டியின் முழுப் பாரமும் பாரிலே தொங்கும். மற்றையது நிற்கவைப்பது, ரயர்கள் இரண்டும் ஒரு தவாளிப்பில் நிற்க, பாரம் முழுவதும் அங்கே இறங்கும், கை அதனைச் சாயாமற் பிடித்தால் மாத்திரம் போதும். வளைந்த சட்டமுள்ளவர்கள் முதல்வகையை நினைக்கவே கூடாது என்றார் கிழவர். பார் இல்லாத வண்டிக்குப் பொய்ப்பார் ஒன்று விற்கிறார்கள். நீட்டவும் குறுக்கவும் கூடிய அலுமினியத் தண்டு அது. ஒரு நுனி கைப்பிடியின் கழுத்திலும் மறுநுனி சீற்றின் தண்டிலும் கொளுவிக்கொள்ளும். ஓமாஃபீற்ஸுக்கு அது பொருந்தும். தமக்கையாரின் வண்டிக்கோ அதைக் கொடுக்க அவர் மறுத்துவிட்டார். அவ்வண்டியின் கைப்பிடிக் கழுத்து சாய்வு மாற்றக்கூடியது, சீற்றின் தண்டு வில் பொருத்தியது. இரண்டும் ஆடும் உறுப்புகள். ஆடுவதை ஆடுவதோடு கட்டினால் வழியிலே கழன்றுபோகும் என்பது அவர் தீர்ப்பு.

"அப்படியானால்?" என்றான் மருமகன்.

முதியவர் படத்திலே விரலை வைத்துக் காட்டினார். சீற்றுக்குக் கீழே நிமிர்ந்து நிற்கும் குழாய், ஆடும் தண்டு உள்ளே புகுமிடத்துக்குக் கீழே அசையாமல் நிற்கிறது. கவ்வியைக் கிடையாகத் திருப்பாமல் நெட்டாகத் திருப்பி அந்தக் குழாயைப் பிடிக்கவேண்டும். வண்டியைக் காருக்கு மிக நெருக்கமான முதல் தவாளிப்பில் நிறுத்தினால் கை எட்டும். பிரேக் கம்பி எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்த்து, அதன்மேல் கவ்வி விழாதபடி வைக்கவேண்டும். பேரனின் வண்டிக்கும் அவ்வாறே. காபன் வண்டிக்கு இந்தத் தாங்கி உதவாது. சட்டத்தைத் தொடாமல் முன்சில்லை மாத்திரம் அணைத்துப் பிடிக்கும் வேறொரு வகை உண்டு, அல்லது முன்சில்லைக் கழற்றிவிட்டுக் கவரைக் காரின் கூரையில் பூட்டலாம் என்றார்.

கடையை விட்டு வெளியே வரும்போது தமக்கையாரின் வண்டிக்கு வழி பிறந்துவிட்டது. ஆனால் பாரம் இன்னும் எஞ்சி நின்றது.

காரின் பின்னே இழுவைக்கென ஓர் இரும்புக் குண்டு உண்டு. குறுக்களவு 50 மில்லிமீற்றர். தாங்கி முழுவதும் அந்த ஒரு குண்டின் மேலேயே அமர்கிறது. அக்குண்டு எவ்வளவு பாரம் தாங்கும் என்பது காருக்குக் கார் மாறும். எமது காரின் தகட்டில் 75 கிலோகிராம் என்று பொறித்திருந்தது. நாலாவது வண்டிக்கான நீட்சித் துண்டுடன் தாங்கியின் நிறை 20 கிலோ. தமக்கையாரின் வண்டி 26. பற்றரியைக் கழற்றிக் காருக்குள் வைத்தால் 23. ஓமாஃபீற்ஸ் 20. பேரனுடையது 12. மருமகனுடையது 8 மட்டுமே. பேரனிடம் கணக்கைக் கொடுத்தோம். அவன் விரலிலும் தாளிலும் கூட்டி, "83" என்று அறிவித்தான். எட்டுக் கிலோ மிகை.

எட்டுத்தானே என்று நினைப்பவர்கள் நெம்புகோலின் பாடத்தை மறந்தவர்கள். பின்சில்லுக்கும் அப்பால், காருக்கு வெளியே தொங்கும் பாரம் அது. பின்புறம் தாழ்ந்தால் முன்புறம் உயரும், முன்சில்லுகள் வீதியை இறுகப் பற்றமாட்டா, சுக்கான் இலேசாகிவிடும். விளக்குகள் எதிரே வருவோரின் கண்ணில் அடிக்கும். ஒவ்வொரு பள்ளத்திலும் அந்தக் குண்டு தன் நிறையிலும் பன்மடங்கு அடி வாங்கும். நெடுஞ்சாலையிலே ஒரு வண்டி கழன்று விழுந்தால், பின்னால் மோட்டார்ச் சைக்கிளில் வருபவன் கதி என்ன? அந்நாட்டுச் சட்டமும் இதில் கண்டிப்பானது. காரின் இலக்கத்தகடு மஞ்சள் நிறம். தாங்கி அதை மறைப்பதால் அதே இலக்கத்தை வெள்ளைத் தகட்டில் பொறித்துத் தாங்கியின் பின்னே மாட்டவேண்டும். விளக்குகளும் அவ்வாறே மீண்டும் எரியவேண்டும். வண்டிகள் காரின் பக்கங்களுக்கு வெளியே 20 சென்ரிமீற்றருக்கு மேல் நீட்டலாகாது.

மருமகன் தாளை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு எழுந்து தன் பந்தய வண்டியை உருட்டிச் சென்று கராச்சினுள்ளே வைத்துக் கதவைப் பூட்டினான். நீட்சித் துண்டும் கழன்றது. இப்போது தாங்கி 18, வண்டிகள் 55, ஆக 73. "நான் வாடகைக்கு எடுக்கிறன் மாமா. எனக்கெல்லாம் எந்தச் சைக்கிளும் சரி" என்றான். ஆயிரங்கள் கொடுத்து வாங்கிய வண்டியைத் தினமும் துடைத்து வைக்கும் பிள்ளை அவன் என்பதை நாம் அறிவோம். ஆதலால் ஒன்றும் சொல்லாமல் கயிற்றை எடுத்துக் கொடுத்தோம்.

மறுநாள் விடியற்காலையில் ஏற்றும் வேலை ஒரு மணித்தியாலம் எடுத்தது. பாரமான வண்டி காரை ஒட்டி, இலேசானது வெளியே என்பது விதி. முதலாவது இடப்பக்கம் நோக்கினால் அடுத்தது வலப்பக்கம் நோக்கவேண்டும். இல்லாவிடில் கைப்பிடிகள் ஒன்றோடொன்று மல்லுக்கு நிற்கும். ஓமாஃபீற்ஸின் முன்கூடை கழன்றது. பெடலொன்று அடுத்த வண்டியின் கம்பிகளுக்குள் நுழைந்துவிட, அதனைத் திருப்பி வைத்தோம். பொய்ப்பாரைக் கொளுவி அதன்மேல் கவ்வியை இறுக்கியபோது அந்தக் கறுப்பு வண்டி மூக்குக்கண்ணாடி அணிந்த பாட்டிபோல் நின்றது. இறுதியில் பட்டிகளால் சில்லுகளை இறுக்கினோம். தமக்கையார் படலையடியில் நின்று, கிணற்றுக்குள் வாளி இறங்குவதைப் பார்ப்பதுபோல் தம் வண்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். நம்மூரில் பஸ்ஸின் கூரைமேல் துவிச்சக்கர வண்டியைத் தும்புக் கயிற்றால் வரிந்து கட்டும் நடத்துனர் இதைக் கண்டால் சிரித்திருப்பார். ஆனால் நம் பஸ்கள் மணிக்கு 100 கிலோமீற்றர் வேகத்தில் ஓடுவதில்லையே.

அல்க்மார் நகர்வரை நெடுஞ்சாலை. முதல் பத்துக் கிலோமீற்றரில் ஓரிடத்தில் நிறுத்தி எல்லாப் பட்டிகளையும் மீண்டும் இறுக்கும்படி கடைக்காரர் சொல்லியிருந்தார். நிறுத்திப் பார்த்தபோது இரண்டு பட்டிகள் ஒரு பல் தளர்ந்தேயிருந்தன. வண்டிகள் ஆடி ஆடித் தம் இடத்தில் அமரும்போது அப்படி நேர்வது வழமையாம். அல்க்மாருக்கு அப்பால் வீதி, வட ஒல்லாந்துக் கால்வாயை ஒட்டியே வடக்கு நோக்கி ஓடுகிறது. 1824 ஆம் ஆண்டில் வெட்டி முடித்த கால்வாய் அது. ஆழமற்ற சூய்டர் உட்கடலில் தரைதட்டாமல் பெருங்கப்பல்கள் அம்ஸ்ரடாமை அடைவதற்கென வெட்டினர். கரையோரம் மாடுகள் மேய்கின்றன. நீர்மட்டம் வீதியிலும் உயர்ந்திருக்குமிடங்களில், தலைக்கு மேலே படகு போவதுபோல் தோன்றும்.

டென் ஹெல்டர் கடற்படைத் துறைமுகம். அங்கிருந்து மார்ஸ்டீப் என்னும் நீரிணையைக் கடக்கக் கப்பலுக்கு இருபது நிமிடம் செல்கிறது. இருதட்டுகளில் கார்களை ஏற்றும் பெருங்கப்பல் அது. முன்னும் பின்னும் ஒரே அமைப்பு. ஆதலால் ஏறிய கார் திரும்பாமலே மறுபக்கத்தால் இறங்கிவிடலாம். இந்தக் கப்பற் கம்பனியின் வரலாறு நம் தீவுப்பகுதி மக்கள் அறியவேண்டியது. அக்காலத்துக் கப்பற் சேவையில் மனக்குறை கொண்ட தீவு மக்கள் 1907 ஆம் ஆண்டில் தாமே பங்குகள் வாங்கித் தொடங்கியது இது. "தெசலின் சொந்த நீராவிக் கப்பல் முயற்சி" என்பது அதன் பெயரின் பொருள். நீராவி போய்விட்டது, பெயரும் பங்குகளும் தீவாரிடம் இருக்கின்றன. குறிகட்டுவான் துறையில் நெடுந்தீவுப் படகுக்குக் காத்துநின்ற நாட்களை நினைத்துக்கொண்டு மேற்தட்டில் நின்றோம். கீழே நின்ற கார்களைப் பார்த்தால், மூன்றிலொன்றின் முதுகிலாவது துவிச்சக்கர வண்டி இருந்தது போலும்! துறைமுகக் கட்டடமொன்றில் "கந்தோர்" என்று எழுதியிருப்பதைக் கண்ட தமக்கையார், "பார் தம்பி, எங்கடை கந்தோர்" என்றார். நாம் அவர்களிடமிருந்து பெற்ற சொல்தான். என்றாலும் அங்கே காணும்போது நம் வீட்டுப் பொருளை அயல்வீட்டில் கண்டதுபோல் இருந்தது.

தீவில் இறங்கியதும் காரை நிறுத்தி வண்டிகளை இறக்கினோம். இறங்குதுறையருகே மருமகனும் நாமும் வாடகைக்கு ஆளுக்கொரு வண்டி எடுத்தோம். அவனுக்குக் கிடைத்தது பச்சை நிற ஓமாஃபீற்ஸ். பேரன் சிரித்துச் சிரித்து நிலத்தில் உட்கார்ந்துவிட்டான். தமக்கையார் பற்றரியைப் பூட்டி, வலக்காலைத் தாழ்ந்த படிக்கூடாக நுழைத்து ஏறி, எவரையும் பாராமல் முன்னே ஓடத் தொடங்கினார்.

தெசலின் நீளம் 20 கிலோமீற்றருக்குச் சற்று மேல். அதன் நடுவே "உயர்ந்த மலை" என்று பெயர்பெற்ற ஒரு மேடு உண்டு. அதன் உயரம் 15 மீற்றர்! நம்மூர்ப் பனை மரமே அதனை எட்டிப் பார்க்கும். பனியூழியில் பனிப்பாறைகள் தள்ளிவந்த களியும் கல்லும் சேர்ந்த மேடு அது; தட்டையான நாட்டில் அதற்கும் ஒரு பெருமை. அதன் சரிவுகளில் செம்மறிகள் மேய்கின்றன. வயல்களில் அங்கங்கே அரை வீடுபோல் ஒரு கொட்டில் நிற்கும். தென்மேற்கே நீண்டு சரிந்த கூரை. வடகிழக்கே வெட்டிவிட்டாற்போல் நிமிர்ந்த சுவர். தென்மேற்குக் காற்று சரிவிலே வழுக்கிப் போய்விடும். சுவரின் மறைவிலே செம்மறிகள் ஒதுங்கிக்கொள்ளும். அந்தக் காற்றின் வலிமையை எம் முழங்கால்கள் விரைவில் அறிந்துகொண்டன. அத்தீவில் மலையில்லை, காற்றே மலை.

கிழக்குக் கரையிலுள்ள அவுடஸ்கில்ட் என்னும் ஊருக்கு எதிரேயுள்ள கடலை எமக்கு நெடுநாளாய்ப் பார்க்க ஆசை. 17, 18 ஆம் நூற்றாண்டுகளில் கீழைநாடுகளுக்குப் புறப்பட்ட ஒல்லாந்தக் கப்பல்கள் நல்ல காற்றுக்காகக் கிழமைக்கணக்கில் நங்கூரமிட்டு நின்ற துறை அதுதான். இலங்கைக்கு வந்தோருட் பலர் தாய்நாட்டில் கடைசியாகக் கண்ட நிலம் இந்தத் தீவு. அவர்களுக்குக் குடிநீர் கொடுத்த கிணறுகள் இன்றும் ஊருக்கு அணித்தாய் இருக்கின்றன. அநாதைப் பிள்ளைகளின் கிணறுகள் என்று அவற்றுக்குப் பெயர். இரும்புச்சத்து மிகுந்த அந்நீர் மரப்பீப்பாய்களில் நெடுங்காலம் கெடாதிருக்கும் என்பதால் கப்பற்காரர் அதனையே விலைகொடுத்து வாங்கினர். அப்பணம் டென் பேர்க் ஊரின் அநாதை இல்லத்துக்குச் சென்றது. நம் கோட்டையைக் கட்டியவர்களின் தாகத்தைத் தீர்த்து, அத்தீவின் பெற்றோரில்லாப் பிள்ளைகள் சோறு உண்டிருக்கிறார்கள்.

தமக்கையார் வண்டியில் இருந்தவாறே கால்களை ஊன்றி நின்று கிணற்றை எட்டிப் பார்த்தார். "நல்ல தண்ணியோ, சவர்த் தண்ணியோ?" என்று கேட்டார். முப்பது ஆண்டுகளுக்கு மேல் குழாய்நீர் குடித்தவருக்கு, கிணறு கண்டதும் வாயில் வந்த முதற்சொல் அது! மருமகன் மொழிபெயர்க்கத் திண்டாடினான். சவர் என்பதற்கு ஒல்லாந்த மொழியில் சொல் உண்டு. ஆனால் அந்தக் கேள்வியின் கவலை அம்மொழியில் வரவில்லை.

பகலுணவின் பின் வடக்கே சென்றோம். மேற்குக் கரையில் மணற்குன்றுகளை உடைத்துக்கொண்டு கடல் உள்ளே வந்துபோகும் சதுப்புவெளி ஒன்றிருக்கிறது, ஸ்லுஃப்டர் என்பர். ஓகஸ்டில் அங்கே ஊதாநிறக் கடற்பூக்கள் கம்பளம் விரித்தாற்போல் மலர்ந்திருக்கும். அதற்கும் அப்பால் தீவின் வடமுனையில் 1864 ஆம் ஆண்டில் கட்டிய செந்நிற வெளிச்சவீடு. 1945 ஏப்பிரல் மாதத்தில் ஜேர்மன் படையில் சேர்க்கப்பட்டிருந்த ஜோர்ஜிய வீரர்கள் அப்படைக்கு எதிராகக் கிளர்ந்தெழுந்தனர். ஐரோப்பாவில் போர் முடிந்த பின்னும் அத்தீவில் சண்டை ஓயவில்லை. மே 20 ஆம் நாள் கனேடியப் படை வந்தபின்னரே துப்பாக்கிகள் அடங்கின. குண்டடிபட்ட பழைய கோபுரத்தைச் சுற்றிப் புதுச்சுவர் எழுப்பியிருக்கிறார்கள். உள்ளே ஏறுபவர்கள் பழைய சுவரிலுள்ள வடுக்களைக் காணலாம். தமக்கையார் ஏறவில்லை. கீழே வண்டியருகே நின்று, பேரன் உச்சியிலிருந்து கையசைப்பதைப் பார்த்துத் தாமும் கையசைத்தார்.

திரும்பும்போது காற்று நேர் எதிரே அடித்தது. மருமகன் பச்சை வண்டியில் எழுந்து நின்று மிதித்தான். நாமோ இடையிடையே இறங்கி நடந்தோம். தமக்கையார் மின்சாரத்தின் துணையோடு அரைக்கிலோமீற்றர் முன்னே சென்று, எம்மைக் காணாது நிறுத்தி, மறுபடி திரும்பிவந்து, "என்ன தம்பி, களைச்சுப் போனியளோ?" என்று விசாரித்துவிட்டு மீண்டும் போனார். இவ்வாறு மூன்றுமுறை.

மாலை ஆறு மணியளவில் துறையை அடைந்து வண்டிகளை ஏற்றினோம். காலையில் ஒரு மணித்தியாலம் எடுத்த வேலை கால் மணித்தியாலத்தில் முடிந்தது. நெட்டாகத் திருப்பிய கவ்வியைத் தமக்கையாரே இறுக்கினார். கப்பலில் ஏறியபோது எவரும் சீட்டுக் கேட்கவில்லை. போக்குவரத்து இரண்டுக்குமான கட்டணத்தை டென் ஹெல்டரிலேயே வாங்கிவிடுகிறார்கள். தீவைவிட்டு வர வேறு வழி இல்லையல்லவா?